அலுவலகத்துக்கும் கல்யாணத்துக்கும் செருப்பு: அழகையும் விடாமல், காலையும் கெடுக்காமல்

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 28. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்து தரமணிக்கு வேலைக்குப் போகிறீர்கள். மூன்று அங்குல ஹீல்ஸ் போட்ட காலத்தில் முன்பாதம் எரிந்தது. அதை ஒரேயடியாக விட்டு மெல்லிய கட் ஷூவுக்கு மாறினீர்கள். இப்போது காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறது. அம்மா "பேசாம ஒரு எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடு" என்கிறார் (சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கும் மெத்தென்ற ரப்பர் செருப்பு அது), உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. தை மாதம் உங்கள் கல்யாணம், வரவேற்புக்கு ஹீல்ஸ் வேண்டும். பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும், காலும் வலிக்கக் கூடாது, இது நடக்கிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கும். ராணிப்பேட்டைப் பக்கம் பெண்களுக்கான காலணி செய்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலையில், செய்த மாதிரி காலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் பிரிவில் வேலை செய்தவள் நான். அந்த வேலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: வலியை முடிவு செய்வதில் ஹீலின் உயரம் மூன்றாவது இடத்தில்தான் வரும். முதலாவது, விரல்கள் இருக்கும் முன்பகுதியின் அகலம். இரண்டாவது, காலணி பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் விதம். அழகுக்காக நாம் விட்டுக்கொடுத்துவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான். அப்படி விட்டுக்கொடுக்கத் தேவையே இல்லை.

முதலில் அகலம். காலணி பெரும்பாலும் லாஸ்ட் என்கிற அச்சுக்கட்டையின் மேல் இழுத்துப் பொருத்திச் செய்யப்படுகிறது. கட்டையின் வடிவம்தான் காலணியின் வடிவம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெண்கள்தான் அப்பர் என்கிற மேல்பாகத்தைத் தைக்கிறார்கள். ஆனால் அவர்கள் தைக்கும் ஏற்றுமதிக் காலணி எதுவும் அவர்கள் பாதத்தை அளந்து செய்த கட்டையில் உருவாவதில்லை. அது ஐரோப்பியப் பாதத்துக்கான கட்டை. உள்ளூர்ச் சந்தைக்கு வருவதும் நெடுங்காலமாக அந்த அளவுகளை ஒட்டியே வருகிறது. சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலமானது என்பது அதில் வந்த முக்கியமான முடிவு. அதை வைத்து 'பா' என்று இந்தியாவுக்கென ஓர் அளவுமுறையும் முன்மொழிந்தார்கள். நாம் கடையில் பார்த்து வாங்குவது என்னவோ யூ.கே., யூரோ எண்களைத்தான்.

இதனால் என்ன ஆகிறது என்றால், கடையில் உங்கள் நீளத்துக்குச் சரியான சைஸ் போட்டதும் பக்கவாட்டில் இறுக்குகிறது. கடைக்காரர் "ஒரு சைஸ் பெரிசு தரேன் மேடம்" என்கிறார். யூரோ அளவில் ஒரு எண் கூடினால் நீளம் 6.67 மி.மீ. கூடும், யூ.கே. அளவில் கிட்டத்தட்ட 8.5 மி.மீ. கூடும். அகலம் அந்த அளவுக்குக் கூடாது. தட்டைச் செருப்பில் இது பெரிய குற்றமில்லை. ஹீல்ஸில் இது ஆபத்து. நீளம் மிஞ்சிய ஹீல்ஸில் பாதம் சரிவில் முன்னோக்கி வழுக்கிப் போய், எந்த விரல்களுக்கு இடம் வேண்டும் என்று பெரிய சைஸ் வாங்கினீர்களோ அந்த விரல்களையே கூம்பிய முனையில் கொண்டுபோய்த் திணிக்கும். பின்னால் குதிகாலுக்கும் ஷூவுக்கும் நடுவே இடைவெளி விழும், ஒவ்வொரு அடிக்கும் உரசும், கொப்புளம் வரும். செருப்பு கடிக்கிறது என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தத் தப்பான சைஸ்தான். சைஸ் கூட்டுவதற்குப் பதில் வேறு கட்டையில் செய்த வேறு மாடலைக் கேளுங்கள். அதே சைஸில் முன்பகுதி சதுரமாகவோ பாதாம் வடிவிலோ இருப்பதைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கூர்முனை பிடிக்கும் என்றால் அதையும் முழுக்க ஒதுக்க வேண்டாம். கூம்புதல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நல்ல கூர்முனை ஷூவில் விரல்கள் முடிந்த பிறகே கூம்பும், அதனால் ஷூ கொஞ்சம் நீளமாகத் தெரியும். மலிவாகச் செய்ததில் சுண்டுவிரலின் அடியிலேயே கூம்ப ஆரம்பித்துவிடும். வீட்டில் ஒரு வெள்ளைத் தாளில் ஏறி நின்று பாதத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மடித்து கைப்பையில் வைத்து கடைக்கு எடுத்துப் போங்கள். மூடிய ஷூவை அதன்மேல் வைத்தால் கோடு வெளியே தெரிகிறதா? அப்படியென்றால் அந்த ஷூவுக்குள் உங்கள் பாதம் மடங்கித்தான் போக வேண்டும். கட்டைவிரல் மூட்டு பக்கவாட்டில் புடைத்துக்கொள்வது, கால் ஆணி, மூன்றாவது நான்காவது விரல்களுக்கு இடையே நரம்பு தடித்து மின்சாரம் போலச் சுண்டுவது எல்லாவற்றையும் இந்த நெருக்கல் கிளப்பிவிடும், ஏற்கெனவே இருந்தால் மோசமாக்கும்.

மெட்டி போடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உங்களுக்கும் தை மாதத்துக்குப் பிறகு இது வரும். கண்ணாடி போலப் பளபளக்கும் ரெக்ஸின் மூடிய ஷூவில் மெட்டியின் வளையம் பக்கத்து விரலில் அழுந்தி நாள் முழுக்கத் தோலைத் தேய்க்கும். அப்படி உண்டான புண்ணை ஷூவின் குற்றம் என்று நினைத்து சைஸ் மாற்றுகிறவர்கள் உண்டு. தினசரிக்குத் தட்டையான மெல்லிய மெட்டி, பூ வைத்தது விசேஷத்துக்கு, அன்றைக்கு முன்பக்கம் திறந்த செருப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கொலுசும் கணுக்கால் வாரும் ஒரே இடத்தில் இருந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது பிடிப்பு. பின்பக்கம் எதுவுமே இல்லாமல் காலை நுழைத்துக்கொண்டு போகும் செருப்பில், அது கழன்று போகாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் மடங்கி அதைக் கவ்விப் பிடிக்கின்றன. நமக்கே தெரியாமல் நடக்கும் வேலை இது. பத்து நிமிடத்துக்குப் பரவாயில்லை. கிண்டி ஸ்டேஷன் படிக்கட்டில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறி இறங்குவதற்கு இது சரிப்படாது. உங்கள் கட் ஷூவிலும் இதேதான் நடக்கிறது: மேல்பக்கம் வெட்டு ஆழமாக இருப்பதால் பாதத்தைப் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

பிடிப்புக்காக பக்கிள் வைத்தது வாங்கச் சொன்னால் நம் ஊரில் ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். கோயிலில் கழற்ற வேண்டும், யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கழற்ற வேண்டும், சில கிளினிக்கிலும் நகைக்கடையிலும்கூடக் கழற்றச் சொல்கிறார்கள். புடவையோடு குனிந்து பக்கிள் மாட்டிக்கொண்டு நிற்க யாருக்குப் பொறுமை? அதற்கு பின்வாரில் எலாஸ்டிக் வைத்தது நல்ல வழி. பார்வைக்கு பக்கிள் இருக்கும், ஆனால் அது அலங்காரம், உள்ளே எலாஸ்டிக் துண்டு ஒன்று தைத்திருப்பார்கள். வெறுமனே பின்வார் உள்ளதை வாங்கிவிட்டீர்கள் என்றால், தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் வாரை வெட்டி எலாஸ்டிக் வைத்துத் தருவார்.

இப்போது உயரத்துக்கு வருவோம். தட்டையாக நிற்கும்போது உடல் எடையின் பெரும்பங்கைக் குதிகால் வாங்குகிறது. ஹீல் உயர உயர அது முன்பாதத்துக்கு நகர்கிறது. ஒரு அங்குல ஹீலில் முன்பாத அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுகிறது, இரண்டு அங்குலத்தில் பாதிக்கு மேல், மூன்று அங்குலத்தில் முக்கால் பங்கு என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். உங்கள் முன்பாதம் எரிந்ததற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் தட்டைக்கு மாறினால் சரியாகத்தானே ஆக வேண்டும், ஏன் குதிகால் வலித்தது? இதைப் பலரும் கேட்பதில்லை, நீங்கள் கேட்டது நல்லது. ஆண்டுக்கணக்கில் 5 செ.மீ.க்கு மேல் ஹீல்ஸ் போட்டுப் பழகிய பெண்களின் கெண்டைக்கால் தசைநார்கள் நீளம் குறைந்தும், குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அக்கிலிஸ் தசைநாண் விறைத்தும் இருப்பதை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குதிகால் உயர்ந்தே இருந்ததால் தசை அந்த நீளத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. அந்த நிலையில் ஒரே நாளில் தட்டைக்கு இறங்கினால் கெண்டைக்கால் இழுக்கும், அந்த இழுப்பு குதிகால் வழியாகப் பாதத்தின் அடியில் இருக்கும் பட்டையான சவ்வுக்குப் போகும். ராத்திரி முழுக்கச் சுருங்கிக் கிடந்த அந்தச் சவ்வு காலை முதல் அடியில் திடீரென்று இழுபடும்போதுதான் அந்தக் குத்தல். கூடவே உங்கள் கட் ஷூவின் அடி ஒரு அட்டை கனம்தான் இருக்கும், தரையின் அடியைத் தாங்க அதில் எதுவும் இல்லை. ஆகவே தட்டை என்றாலே காலுக்கு நல்லது என்று நினைக்க வேண்டாம். மெல்லிய தட்டைச் செருப்பும் மூன்று அங்குல ஹீலும் இரண்டுமே நாள் முழுக்கப் போடத் தகாதவை.

உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு அங்குலத்துக்குப் பக்கத்தில், 2.5 அல்லது 3 செ.மீ. உயரம், அடியில் ஒரு விரல் கனத்துக்கு மெத்தென்ற சோல். இரண்டு மூன்று மாதம் அப்படியே போகட்டும். தினமும் சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டைக்காலை நீட்டுங்கள். காலை எழுந்ததும் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் இறங்க வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் வீட்டுக்கென்று தனியாக ஒரு மெத்தென்ற செருப்பு போட்டு வையுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று பாட்டி கேட்டால், வெளியில் போட்டது இல்லை, குளியலறைக்குப் போட்டதும் இல்லை என்று சொல்லிவிடலாம். மண் தரையிலும் சாணம் மெழுகிய தரையிலும் வெறுங்காலில் நடந்தவர்களுக்கு இந்தத் தொல்லை வரவில்லை என்றால் அது ஆச்சரியமில்லை, கிரானைட்டிலும் டைல்ஸிலும் துளி விட்டுக்கொடுப்பு கிடையாது. ஆறேழு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, மரத்துப் போனாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

உயரம் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடைகளில் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். "பென்சில் ஹீல்தான் மேடம் கெடுதல், பிளாக் ஹீல் போடுங்க, ஒண்ணும் ஆகாது." பிளாக் ஹீலில் கணுக்கால் பிசகுவது குறையும், அது உண்மை. முட்டிக்கு அது பொருந்தாது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் கேசி கெரிகன் தலைமையில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், ஒரே உயரமுள்ள அகல ஹீலும் மெல்லிய ஹீலும் முட்டியின் மேல் விழும் முறுக்கு விசையை ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கூட்டின. பிளாக் ஹீல் வசதியாகத் தோன்றுவதால் நாம் அதை அதிக நேரம் போட்டுவிடுகிறோம், தீமை அங்கேதான். குடும்பத்தில் முட்டித் தேய்மானம் இருக்கிறவர்கள் அகலத்தை நம்பி உயரத்தைக் கூட்ட வேண்டாம்.

உண்மையிலேயே உதவுவது முன்பக்க பிளாட்பார்ம், அதாவது முன்பாதத்துக்கு அடியில் வரும் கனமான அடுக்கு. மூன்று அங்குல ஹீலுக்கு முன்னால் ஒரு அங்குல பிளாட்பார்ம் இருந்தால், உங்கள் பாதம் உணரும் சரிவு இரண்டு அங்குலம்தான், உயரமோ மூன்று அங்குலம். குதிகாலிலிருந்து முன்பாதம் வரை அடி ஒரே துண்டாக வரும் வெட்ஜ் செருப்பில் இந்தக் கணக்கு இன்னும் அழகாக வரும். பிளாட்பார்ம் விறைப்பாக இருப்பதால் மேடுபள்ளத்தில் கால் மடங்க வாய்ப்பு அதிகம், எனவே அதற்குக் கணுக்கால் வாரோ பின்வாரோ கட்டாயம் வேண்டும். மண்டபத்துக்குச் சரி, மழையில் குண்டும் குழியுமான தெருவுக்கு வேண்டாம்.

இங்கே புடவை கட்டும் பெண்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை நாம் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதே இல்லை. புடவைக்கு அடியில் வெளியே தெரிவது விரல்களும் முன்வாரும் மட்டும்தான். ஹீல் எப்படி இருக்கிறது, பிளாட்பார்ம் எவ்வளவு கனம், பின்னால் எலாஸ்டிக் இருக்கிறதா, எதுவும் யார் கண்ணிலும் படாது. ஆகவே அழகு முழுவதையும் அந்த முன்வாரில் வையுங்கள்: நிறம், வேலைப்பாடு, தோலின் தரம். வசதி முழுவதையும் மறைந்திருக்கும் இடத்தில் வையுங்கள். கடையில் ஹீலின் வடிவத்தைப் பார்த்து மயங்கி வாங்கி, அதைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு வலியோடு நிற்பதில் யாருக்கு என்ன லாபம்?

குர்த்தியும் பேன்ட்டும் போடும் நாளில் கணக்கு மாறும், கால் முழுதும் தெரியும். உயரமில்லாமலே கால் நீளமாகத் தெரிய சில வழிகள் இருக்கின்றன. உங்கள் தோல் நிறத்துக்கு நெருங்கிய நிறத்தில் செருப்பு இருந்தால், கால் எங்கே முடிந்து செருப்பு எங்கே தொடங்குகிறது என்று கண் பிரித்துப் பார்க்காது. கடைகளில் தோல் நிறம் என்று விற்பது பெரும்பாலும் வெளிறிய பீஜ் நிறம். நம் நிறத்துக்கு டான், காப்பித்தூள் நிறம், செம்பு நிறம் எடுபடும். மேல்வெட்டு வி வடிவில் இருந்தால் பாதம் ஒல்லியாகத் தெரியும். கணுக்காலைச் சுற்றித் தடித்த கறுப்பு வார் போட்டால் கால் குட்டையாகத் தெரியும், அதே இடத்தில் மெல்லிய வார் போட்டால் அப்படித் தெரியாது. இதெல்லாம் எங்கள் டிசைனர்கள் தினமும் போடும் கணக்கு. பாதத்தை நெருக்காமல் அழகு சேர்க்க இத்தனை வழிகள் இருக்கும்போது, நெருக்கிச் சேர்ப்பது சோம்பேறித்தனமான வடிவமைப்பு என்றே நான் நினைக்கிறேன்.

அலுவலகத்துக்கு நான் சொல்வது இரண்டு ஜோடி. போகவர ஒன்று, உள்ளே ஒன்று. போகவர உள்ளதில் அழகு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பின்வாரும் பிடிமானமுள்ள ரப்பர் அடியும் முக்கியம். நடுவில் வரி ஓடாத வழவழப்பான அடி, மழையில் ஸ்டேஷன் தரையில் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தேங்கும் தண்ணீரில் தோல் செருப்பை நனைக்கவே வேண்டாம். நனைந்துவிட்டால் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள், வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். உள்ளே போடுவதற்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வரை ஹீல் உள்ள ஒரு நல்ல ஜோடியை மேசைக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள். உட்கார்ந்து செய்யும் வேலை, அதனால் நிற்கும் நேரம் குறைவு, பாதம் தாங்கும். மீட்டிங் இருக்கும் நாளில் இரண்டு அங்குலம்கூடப் போட்டுக்கொள்ளலாம். மணிக்கணக்குதான் இங்கே எல்லாம். இரண்டு மணி நேரம் போடும் இரண்டு அங்குலத்தைவிட, பத்து மணி நேரம் போடும் மெல்லிய கட் ஷூ உங்கள் காலை அதிகம் கெடுக்கும்.

துணிக்கடையில், நகைக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது என்பதையும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். கேரளத்தில் அதற்கு முன்பே 2018-இல் வந்துவிட்டது. சீருடைக்குப் பொருத்தமாக ஒரே மாதிரி கறுப்புக் கட் ஷூ போடச் சொல்லும் முதலாளிகள், அதே கறுப்பில் கனமான சோல் உள்ளதை வாங்கிக்கொடுத்தால் கடையின் அழகு ஒன்றும் குறைந்துவிடாது. உலகத்தில் இதற்காகப் போராடி ஜெயித்திருக்கிறார்கள். லண்டனில் ஹீல்ஸ் போட மறுத்ததற்காக வேலையின் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பப்பட்ட நிக்கோலா தோர்ப் 2016-இல் தொடங்கிய மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. 2017-இல் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் துறை, பெண் ஊழியர்களை உயர ஹீல்ஸ் போடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. ஜப்பானில் 2019-இல் யூமி இஷிகாவா ஆரம்பித்த இயக்கத்துக்குப் பிறகு, அடுத்த ஆண்டே ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பணிப்பெண்களுக்கு ஹீல்ஸ் கட்டாயத்தை எடுத்துவிட்டது. உங்கள் அலுவலகத்தில் யாராவது "ஃபார்மல் என்றால் ஹீல்ஸ்" என்று சொன்னால் இதையெல்லாம் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். ஆசைப்பட்டுப் போடுவது உங்கள் விருப்பம், அதைப் போடு என்று கட்டளையிடும் உரிமை யாருக்கும் கிடையாது.

அம்மா சொன்ன எம்.சி.ஆர். பற்றி ஒரு வார்த்தை. நுண்துளை ரப்பரில் செய்த மெத்தென்ற அடி அது, பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிவிடும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பது. செருப்பு கடிப்பதே தெரியாமல் புண் ஆழமாகிவிடும் என்பதால் அவர்களுக்கு அது அத்தியாவசியம், அங்கே அழகு பற்றிப் பேச்சே எழக் கூடாது. அம்மாவுக்கு சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவர் வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். உங்களுக்கு சர்க்கரையும் இல்லை, உணர்ச்சிக் குறைவும் இல்லை என்றால் எம்.சி.ஆரே வேண்டும் என்பதில்லை. மெத்தென்ற அடியும் பின்வாரும் உள்ள எதுவும் போதும்.

கல்யாணத்துக்கு வருவோம். நம் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு மணமேடையில் வெறுங்கால்தான், ஹீல்ஸ் வேலை முந்தின நாள் மாலை வரவேற்பில். மூன்று நான்கு மணி நேரம், பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றபடி. நடப்பதைவிட அசையாமல் நிற்பது பாதத்துக்குக் கஷ்டம், ஏனென்றால் அழுத்தம் ஒரே இடத்திலேயே இருக்கும். ஆகவே இங்கே சரிவு குறைவாக இருக்க வேண்டும்: நான் சொன்ன பிளாட்பார்ம், அல்லது இரண்டரை அங்குலத்துக்கு மேல் போகாத பிளாக் ஹீல். பென்சில் ஹீல் வேண்டவே வேண்டாம். வரவேற்பு மேடை என்பது பெரும்பாலும் பலகைகளை அடுக்கி மேலே கார்ப்பெட் விரித்தது. பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு கார்ப்பெட்டுக்கு அடியில் தெரியாது. பென்சில் ஹீல் அதில் இறங்கினால் கணுக்கால் போய்விடும். புல்வெளியில் வரவேற்பு என்றால் மண்ணுக்குள்ளேயே போய்விடும்.

கல் பதித்த வார் பட்டுப்புடவைக்கு ஆகாது. உள்ளங்கையால் வாரைத் தடவிப் பாருங்கள், கையில் கீறினால் அது ஜரிகையையும் இழுக்கும். காஞ்சிப் பட்டின் கீழ்க்கரையில் ஒரு இழை மாட்டி இழுபட்டால் அதைச் சரிசெய்வது எளிதில்லை. நெய்த வேலைப்பாடோ, ஜரிகைத் துணி சுற்றிய வாரோ, வழவழப்பான தங்க நிறத் தோலோ எடுங்கள்.

புடவையை ஹீல்ஸ் போட்டுக்கொண்டுதான் கட்ட வேண்டும். அழகுக்கலைஞர்கள் பலர் செருப்பில்லாமல் நிற்க வைத்துக் கட்டிவிட்டு, பிறகு ஹீல்ஸ் ஏற்றுவார்கள். அப்போது புடவை தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே நின்று, நீங்கள் மறைக்க நினைத்த பிளாட்பார்ம் முழுசாகத் தெரியும். லெஹங்கா என்றால் தையல்காரரிடம் அளவு கொடுக்கும்போதே அந்தச் செருப்பைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். ஆகவே செருப்பைத்தான் முதலில் வாங்க வேண்டும், கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது. மாப்பிள்ளை அதிக உயரம், போட்டோவுக்கு நான்கு அங்குலம் போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவர் ஒரு படி கீழே நிற்கட்டும், இல்லை இருவரும் உட்கார்ந்து எடுக்கட்டும். உயர வித்தியாசத்தைச் சமாளிப்பது போட்டோகிராபர் வேலை.

வாங்கியதும் பெட்டியோடு பீரோவில் வைக்காமல், வீட்டுக்குள் கனமான காலுறை போட்டுக்கொண்டு, ஒரு வாரம் தினமும் இருபது நிமிடம் நடங்கள். தோல் அப்பர் என்றால் உங்கள் பாதத்துக்குக் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். ரெக்ஸின் இளகாது, கடையில் இறுக்கியது கடைசி வரை இறுக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகும் அதைப் பெட்டியிலேயே பூட்டிவைக்க வேண்டாம். பி.யூ. சோல், அதாவது பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் வகையில் செய்த அடி, காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதையும். நம் கடலோர ஊர்களில் சில வருடத்தில், போடாமல் வைத்திருந்த புதுச் செருப்பே கையில் எடுத்தால் மாவாக உதிரும். போட்டுக்கொண்டே இருந்தால் அதிக நாள் உழைக்கும். வாங்கும்போதே அடி எதில் செய்தது என்று கேளுங்கள். ரப்பரிலும், ஈ.வி.ஏ. என்கிற எடை குறைந்த நுரை அடியிலும் இந்தத் தொல்லை இல்லை.

கடைக்குச் சாயங்காலம் போங்கள், காலை நேரத்தைவிடப் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதற்குப் பொருந்தினால்தான் நாள் முழுக்கப் பொருந்தும். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நில்லுங்கள், பெரிய பாதத்துக்கு எது சரியோ அதுதான் உங்கள் சைஸ். ஷூவின் முனையைப் பிடித்து வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். பாதத்தின் நடுவில் வளைந்தால் உள்ளே ஷாங்க் என்கிற தகடு இல்லை, அல்லது வலுவில்லை என்று அர்த்தம். ஹீல்ஸில் அந்தத் தகடு இல்லாததை எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். கடையின் கார்ப்பெட்டில் நடந்து பார்த்து ஏமாறாமல், டைல்ஸ் இருக்கும் இடத்துக்கு வந்து நடங்கள். "போடப் போட லூஸாயிடும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

குழந்தை பெற்ற பிறகு பலருக்குப் பாதம் நிரந்தரமாக நீண்டுவிடும், வளைவும் கொஞ்சம் இறங்கிவிடும். அப்போது பழைய சைஸையே பிடித்துக்கொண்டிருக்காமல் மறுபடி தாளில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். இப்போதைக்கு இந்த வாரம் கட் ஷூவை ஓரமாக வைத்துவிட்டு ஒரு அங்குலச் செருப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வரவேற்புக்கானதை ஐப்பசிக்குள் எடுத்துவிட்டால், புடவை பார்க்கப் போகும்போது கூடவே கொண்டுபோகலாம்.